பூச்சி மாத்திரையும் கொரோனாவும்

(கோலார் தங்கவயலில், புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா இரண்டாவது முறையாகப் பரவிய மாதங்கள் அவை. பெங்களூரில் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு அலைந்தார்கள். ஆக்சிஜனுக்கு அலைந்தார்கள். சுடுகாட்டிலும் வரிசையில் நின்றார்கள். நம் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூருக்குப் போய் வேலை செய்து பிழைக்கிற ஊர் இது. அங்கே நோய் என்றால் இங்கேயும் நோய்தான்.

நம் பி.ஜி.எம்.எல். ஆஸ்பத்திரியை நினைத்துப் பாருங்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடியது. ஆஸ்பத்திரியும் படுத்துவிட்டது. 20 வருஷம் சும்மா கிடந்த அந்தக் கட்டடத்தை 2021 மே மாதத்தில் தொண்டர்கள் கூட்டிப் பெருக்கினார்கள். கட்டில் போட்டு, கொரோனா நோயாளிகளுக்காகத் தயார் செய்தார்கள். அப்படிப்பட்ட நெருக்கடி.

அந்த நேரத்தில் ஒரு மாத்திரையின் பெயர் ஊர் ஊராகப் பரவியது. ஐவர்மெக்டின். எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். ஐ - வர் - மெக் - டின்.

"இதைப் போட்டால் கொரோனா வராது" என்றார்கள். "வந்தாலும் ஓடிவிடும்" என்றார்கள். "சும்மா ஏமாற்று வேலை" என்றும் சிலர் சொன்னார்கள். டாக்டர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். அந்த வாக்குவாதம் எதைப் பற்றியது, எப்படித் தீர்ந்தது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐவர்மெக்டின் போலி மருந்து இல்லை. மிகவும் நல்ல மருந்து. எதற்கு நல்லது என்பதுதான் கேள்வி.

ஜப்பான் நாட்டில் சதோஷி ஓமுரா என்று ஒரு விஞ்ஞானி. அவருக்கு மண்ணைச் சேகரிப்பதுதான் வேலை. போகிற இடத்தில் எல்லாம் கொஞ்சம் மண் எடுத்துக்கொள்வார். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்று நமக்கு மருந்து தருமா என்று பார்ப்பார். 1970-களில், இட்டோ என்ற ஊரில், ஒரு கோல்ப் மைதானத்துக்குப் பக்கத்தில் எடுத்த மண்ணில் ஒரு புதுக் கிருமி கிடைத்தது. அதை அமெரிக்காவில் மெர்க் என்ற மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் கேம்பல் என்பவருக்கு அனுப்பினார். கேம்பலும் அவருடைய கூட்டாளிகளும் சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் கிருமி தரும் பொருள் புழுக்களைக் கொன்றது. அதைத் திருத்தி அமைத்துச் செய்ததுதான் ஐவர்மெக்டின்.

முதலில் ஆடு மாடுகளுக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கும் மாட்டு டாக்டர்கள் உண்ணிக்கும் புழுவுக்கும் இதைக் கொடுக்கிறார்கள். பிறகு மனிதருக்கும் வந்தது. ஆப்பிரிக்காவில் ஆற்றோரம் வாழும் ஏழை மக்களை ஒரு வகைப் புழு குருடாக்கிக் கொண்டிருந்தது. அந்த நோய்க்கு இதை இலவசமாகவே தருவதாக 1987-இல் அந்தக் கம்பெனி அறிவித்தது. எத்தனையோ ஆயிரம் பேருடைய கண் தப்பியது. யானைக்கால் நோயும் புழுவால் வருவதுதான். நம் நாட்டில் 2018 முதல் சில மாவட்டங்களில், யானைக்கால் புழுவை ஒழிக்க வேறு இரண்டு மாத்திரைகளோடு ஐவர்மெக்டினும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சொறி சிரங்குக்கும் டாக்டர்கள் எழுதித் தருவது உண்டு.

2015-இல் ஓமுராவுக்கும் கேம்பலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கைப்பிடி மண்ணில் இருந்து வந்த பரிசு! பாறைக்குள் இருந்து தங்கம் எடுத்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, புழுவை இந்த மருந்து எப்படிக் கொல்கிறது? புழுவுக்கு நரம்பு உண்டு. தசை உண்டு. அந்த நரம்பிலும் தசையிலும் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. ஐவர்மெக்டின் போய் அந்தக் கதவைத் திறந்து, மூட விடாமல் பிடித்துக்கொள்கிறது. புழுவுக்குக் கை கால் விளங்காமல் போவது போல ஆகிவிடுகிறது. புழுவுக்குக் கை கால் ஏது என்று கேட்பீர்கள். அசைய முடியாமல், தின்ன முடியாமல் செத்துப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வைரஸ் என்பது வேறு சங்கதி. அதற்கு வாய் இல்லை. வயிறு இல்லை. நரம்பு இல்லை, தசையும் இல்லை. தானாக எதையும் தின்னாது. நம் உடம்பின் அணுவுக்குள் நுழைந்து, நம் அணுவையே வேலை வாங்கி, தன்னைப் போலவே ஆயிரம் செய்துகொள்ளும். வயிற்றுப் புழுவைக் கண்ணால் பார்க்கலாம். வைரஸ் சாதாரண உருப்பெருக்கியில்கூடத் தெரியாது. திருடனைப் பிடிக்கிற நாய், கூரையில் ஒழுகுகிற மழையை நிறுத்துமா? இரண்டும் வீட்டுக்குள் வருவதுதான். ஆனால் வருகிற விதம் வேறு.

அப்படியானால் புழு மருந்தை வைரஸுக்குக் கொடுக்கலாம் என்று படித்தவர்களே ஏன் நினைத்தார்கள்? இதை நாம் கேலி செய்யக் கூடாது. ஒரு வேலைக்குச் செய்த மருந்து இன்னொரு வேலைக்கும் உதவியது மருத்துவத்தில் பல தடவை நடந்திருக்கிறது. தலைவலிக்கு வந்த ஆஸ்பிரின், இப்போது மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. புது மருந்து செய்ய வருஷக்கணக்கில் ஆகும். கையில் இருக்கும் மருந்து உதவினால் எத்தனை உயிர் பிழைக்கும்! அதனால் எல்லாப் பழைய மருந்துகளையும் எடுத்துச் சோதித்தார்கள். சோதித்தது சரிதான்.

2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனையின் முடிவு வந்தது. ஆராய்ச்சிக் கூடத்தில், ஒரு கிண்ணத்தில் வளர்த்த அணுக்களில் கொரோனா வைரஸை விட்டார்கள். அதில் ஐவர்மெக்டினைப் போட்டார்கள். 48 மணி நேரத்தில் வைரஸ் ஏறக்குறைய இல்லாமலே போனது. செய்தி உலகம் முழுவதும் பரவியது. மருந்து கிடைத்துவிட்டது என்று பேச்சு.

ஆனால் கிண்ணத்தில் போட்ட அளவு என்ன? அந்த அளவு மருந்து மனித ரத்தத்தில் சேர வேண்டும் என்றால், வழக்கமாகச் சாப்பிடுகிற அளவைப் போல 100 மடங்கு வரை சாப்பிட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அவ்வளவு சாப்பிட்டால் வைரஸ் போகிறதோ இல்லையோ, ஆள் போய்விடுவார். கிண்ணத்தில் வைரஸைக் கொல்வது பெரிய காரியம் இல்லை. சோப்புத் தண்ணீர்கூடக் கொல்லும். அதனால்தான் கை கழுவச் சொன்னார்கள். அதற்காகச் சோப்பைக் கரைத்துக் குடிக்க முடியுமா?

கிண்ணத்துச் சோதனை என்பது ஆரம்பம். அதற்குப் பிறகுதான் மனிதரிடம் சோதிக்க வேண்டும். அந்த இரண்டாவது வேலை முடிவதற்குள் நோய் நாடு முழுவதும் பரவிவிட்டது. காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை.

2021 ஏப்ரலில் நம் மத்திய அரசின் சிகிச்சைக் குறிப்பில், லேசான கொரோனா உள்ளவர்களுக்கு ஐவர்மெக்டின் "கொடுக்கலாம்" என்று எழுதினார்கள். கட்டாயம் இல்லை, கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனமோ அதற்கு முந்தின மாதமே, சோதனைக்காக அல்லாமல் இதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தது. மே 10-ஆம் தேதி கோவா மாநிலத்தின் சுகாதார அமைச்சர் இன்னும் ஒரு படி மேலே போனார். 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஐவர்மெக்டின் கொடுக்கப் போவதாக அறிவித்தார். ஒரு மாநிலத்துக்கே!

உடனே உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி அதை எச்சரித்தார். அவர் யார் தெரியுமா? நம் தமிழ்ப் பெண்மணி, டாக்டர் சௌமியா சுவாமிநாதன். சென்னையில் காசநோய் ஆராய்ச்சியில் பல வருஷம் உழைத்தவர். ஒரு மருந்தைப் புது நோய்க்குக் கொடுக்கும்போது அது பத்திரமானதா, பலன் தருமா என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. அதற்காக ஒரு வழக்கறிஞர் சங்கம் அவருக்கு வக்கீல் நோட்டீசே அனுப்பியது. சண்டை அந்த அளவுக்குப் போனது.

பாமர ஜனங்கள் யாரை நம்புவது? மத்திய அரசு ஒன்று சொல்கிறது. உலக நிறுவனம் வேறு சொல்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் "நான் போட்டேன், மூன்று நாளில் எழுந்துவிட்டேன்" என்கிறார். உண்மையைச் சொன்னால், நம்மில் பலரும் அந்த அண்ணனைத்தான் நம்பினோம். கண் முன்னால் நிற்கிறாரே!

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். கொரோனா வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் எந்த விசேஷ மருந்தும் இல்லாமலே பிழைத்தார்கள். கஷாயம் குடித்தவர்கள் பிழைத்தார்கள். நேர்ந்துகொண்டவர்கள் பிழைத்தார்கள். ஒன்றுமே செய்யாமல் கஞ்சி குடித்துப் படுத்திருந்தவர்களும் பிழைத்தார்கள். எழுந்தவர் எல்லோரும், கடைசியாகத் தான் சாப்பிட்டதற்கு நன்றி சொன்னார்கள். மாத்திரை போட்டும் இறந்தவர் வந்து சாட்சி சொல்ல மாட்டார் அல்லவா? அதனால் பிழைத்தவர் பேச்சு மட்டும்தான் நம் காதில் விழுகிறது.

சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் சிலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாறையில் மினுமினு என்று ஒன்று தெரியும். புதிதாக வந்த பையன் "தங்கம்!" என்று கத்துவான். பழைய ஆள் சிரிப்பார். அது இரும்பும் கந்தகமும் கலந்த கல்லாக இருக்கும். உண்மையான தங்கம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. பாறையில் மாதிரி எடுப்பார்கள். பொடியாக அரைப்பார்கள். உலையில் உருக்குவார்கள். கடைசியில் தராசில் எடை போடுவார்கள். ஒரு டன் பாறைக்கு இத்தனை கிராம் என்று அப்போதுதான் சொல்வார்கள். மேஸ்திரி சொன்னாலும் சரி, வெள்ளைக்கார துரை சொன்னாலும் சரி, எடை போடாமல் கணக்கில் எழுதமாட்டார்கள்.

மருந்துக்கும் இப்படி ஒரு தராசு உண்டு. ஒரே மாதிரியான நோயாளிகள் ஆயிரம் பேரை எடுத்துக்கொள்கிறார்கள். யாருக்கு எது என்று டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார். தேர்ந்தெடுக்க விட்டால், பிழைக்கிற மாதிரி தெரிகிறவருக்கு நல்ல மருந்தைக் கொடுத்துவிடுவார். அதனால் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரண்டு பிரிவாக்குகிறார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து. இன்னொரு பிரிவுக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்து இல்லாத வெறும் மாத்திரை. எது யாருக்குப் போனது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. பிறகு எண்ணிப் பார்க்கிறார்கள்.

பிரேசில் நாட்டில் ஐவர்மெக்டினை இப்படித்தான் எடை போட்டார்கள். முடிவு 2022 மார்ச்சில் வந்தது. மருந்து சாப்பிட்டவர்கள் 679 பேர். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களும் 679 பேர். நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியவர்கள், அல்லது அவசரப் பிரிவில் 6 மணி நேரத்துக்கு மேல் வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் எத்தனை பேர்? மருந்துப் பிரிவில் 100 பேர். வெறும் மாத்திரைப் பிரிவில் 111 பேர்.

"11 பேர் குறைகிறதே, நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. வீட்டுக்குப் போய் ஒரு ரூபாய்க் காசை 100 தடவை சுண்டுங்கள். பூ எத்தனை, தலை எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். எழுதத்தான் கற்றுக்கொண்டீர்களே! சரியாக 50, 50 விழுவது அபூர்வம். 46, 54 விழும். மறுபடி சுண்டினால் 53, 47 விழும். காசில் ஏதும் மாயம் இல்லை. அது தானாக வரும் வித்தியாசம். 100-க்கும் 111-க்கும் உள்ள வித்தியாசமும் அந்த மாதிரிதான் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

அது சரியா என்று பார்க்க இன்னொரு சோதனையைப் பார்ப்போம். நம் தமிழர்கள் பல பேர் வாழும் மலேசியாவில் நடந்தது. முடிவு 2022 பிப்ரவரியில் வந்தது. எல்லோரும் 50 வயதானவர்கள், அதற்கு மேற்பட்டவர்கள். வேறு நோயும் உள்ளவர்கள். வழக்கமான சிகிச்சையோடு ஐவர்மெக்டினும் சாப்பிட்ட 241 பேரில் 52 பேருக்கு நோய் முற்றியது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 249 பேரில் 43 பேருக்கு முற்றியது. இங்கே மருந்து சாப்பிட்டவர்கள் பக்கம்தான் அதிகம்! பிரேசிலில் தராசு முள் ஒரு பக்கம் கொஞ்சம் ஆடியது. மலேசியாவில் மறுபக்கம் கொஞ்சம் ஆடியது. தட்டில் கனமாக ஒன்றும் இல்லை என்றால் முள் இப்படித்தான் ஆடும்.

அப்படியானால் ஆரம்பத்தில் "பலன் உண்டு" என்று சொன்ன சோதனைகள் எல்லாம் என்ன ஆயின? அவற்றில் மிகப் பெரிதாகப் பேசப்பட்டது எகிப்து நாட்டில் இருந்து வந்தது. ஐவர்மெக்டின் சாவைப் பெரும் அளவு குறைத்தது என்று அதில் எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் போட்ட கூட்டுக் கணக்குகளும் அதை நம்பித்தான் நின்றன. இங்கிலாந்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் பாடத்துக்காக அதை எடுத்து வரி வரியாகப் படித்தார். கணக்குகள் உதைத்தன. சோதனை தொடங்கிய தேதிக்கு முன்பே இறந்துபோனவர்களும் பட்டியலில் இருந்தார்கள். 2021 ஜூலையில் அந்தக் கட்டுரையை வெளியிட்ட இடமே அதை விலக்கிக்கொண்டது. பெரிய பெரிய டாக்டர்கள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போனதை ஒரு மாணவர் உட்கார்ந்து படித்துக் கண்டுபிடித்தார். படிப்பு எங்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சில நாடுகளில், சில நல்ல சோதனைகளிலும் ஐவர்மெக்டின் கொஞ்சம் உதவியது போலத் தெரிந்தது. அவை எந்த நாடுகள் என்று பின்னால் ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தார். குடலில் ஒரு வகை நூல் புழு அதிகமாக உள்ள நாடுகளில்தான் அப்படித் தெரிந்தது. கொரோனா முற்றியவர்களுக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் உடம்பின் காவல் குறையும். அதுவரை அடங்கிக் கிடந்த நூல் புழு திடீரென்று பெருகி ஆளையே கொல்லலாம். அந்த ஊர்களில் ஐவர்மெக்டின் வேலை செய்திருந்தால், அது புழுவைத்தான் கொன்றிருக்கும். நன்றி மட்டும் வைரஸ் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது! புழு மருந்து புழு மருந்தாகவே இருந்திருக்கிறது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். பலரும் கேட்டதுதான். "ஐவர்மெக்டின் மலிவான மாத்திரை. இதில் லாபம் இல்லை. அதனால் பெரிய கம்பெனிகள் சேர்ந்து இதை அமுக்கிவிட்டன." கம்பெனிகளை அப்படியே நம்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த மாத்திரையைச் செய்த மெர்க் கம்பெனியே 2021 பிப்ரவரியில், கொரோனாவுக்கு இது உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. "அவர்கள் விலை கூடிய புது மாத்திரையை விற்கப் போகிறார்கள், அதனால் சொல்கிறார்கள்" என்று பதில் வந்தது. இருக்கட்டும். கம்பெனியின் பேச்சை இரண்டு பக்கமும் தள்ளி வையுங்கள்.

இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய சோதனையைப் பாருங்கள். பல பழைய மருந்துகளை ஒரே தராசில் வைத்தார்கள். அதில் ஒன்று, மலேரியாவுக்குக் கொடுத்து வந்த ஹைட்ராக்சி குளோரோகுயின். மலேரியாவும் வைரஸ் இல்லை, ரத்தத்தில் ஒட்டி வாழும் ஓர் உயிரியால் வருவது. 2020 மார்ச்சில் நம் நாட்டில் நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் முன்தடுப்பாக இதைச் சாப்பிடச் சொன்னார்கள். வெளிநாட்டுக்கும் அனுப்பினோம். தராசு என்ன சொன்னது? ஆஸ்பத்திரியில் இருந்த கொரோனா நோயாளிகளில், அதைச் சாப்பிட்டவர்கள் 100-க்கு 27 பேர் இறந்தார்கள். சாப்பிடாதவர்கள் 100-க்கு 25 பேர் இறந்தார்கள். பலன் இல்லை.

அதே சோதனையில் டெக்சாமெத்தசோன் என்ற மருந்தையும் வைத்தார்கள். அது மிகப் பழைய ஸ்டீராய்டு. ஐவர்மெக்டினைப் போலவே மலிவு. எந்தக் கம்பெனிக்கும் அதில் பெரிய லாபம் இல்லை. அது தேறியது! மூச்சுக் கருவி வைத்திருந்தவர்களில் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. 2020 ஜூனில் முடிவு வந்தது. உடனே உலகம் முழுவதும் கொடுக்க ஆரம்பித்தார்கள். மலிவான மருந்தை அமுக்குவதுதான் நோக்கம் என்றால் இதை எப்படி விட்டுவைத்தார்கள்? எடை இருந்தது, ஏற்றுக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

ஆனால் அதுவும் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும்தான் உதவியது. லேசான காய்ச்சலுக்கு உதவவில்லை. தெரியாமல் வீட்டிலேயே ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களும் உண்டு. 2021-இல் கரும்பூஞ்சை நோய் வந்து பலர் கண்ணையும் உயிரையும் இழந்தார்கள். சர்க்கரை நோயோடு ஸ்டீராய்டும் சேர்ந்தது அதற்கு ஒரு முக்கியமான காரணம்.

கடைசியில் 2021 செப்டம்பரில் நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் சிகிச்சைக் குறிப்பில் இருந்து ஐவர்மெக்டினையும் ஹைட்ராக்சி குளோரோகுயினையும் எடுத்துவிட்டது. மத்திய சுகாதாரத் துறையின் இன்னொரு அலுவலகம் அதற்குச் சில மாதம் முன்பே எடுத்துவிட்டது. ஒரே அரசில் இரண்டு குறிப்பு! ஜனங்கள் குழம்பியதில் ஆச்சரியம் இல்லை. குறிப்பில் சேர்த்தது நாலு நாள் செய்தியாக ஓடியது. எடுத்தது பலர் காதில் விழவே இல்லை. என்னைக் கேட்டால், சேர்த்ததைவிட இதுதான் பெரிய குறை.

"போட்டால் என்ன நஷ்டம்? உதவினால் உதவட்டும்" என்று கேட்கலாம். யானைக்காலுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, உயரம் பார்த்துக் கொடுக்கிறார்கள். அது பத்திரமானது. அதையே தினமும், இஷ்டம் போலச் சாப்பிட்டால் வாந்தி, தலைச்சுற்றல், தள்ளாட்டம் வரும். அளவு மீறினால் வலிப்பும் வரும், நினைவும் தப்பும். அமெரிக்காவில் சிலர் மாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள மருந்தையே வாங்கிச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "நீங்கள் குதிரை இல்லை, மாடும் இல்லை" என்று அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் விளம்பரம் செய்ய வேண்டி வந்தது.

இன்னொரு நஷ்டம் அதைவிடப் பெரிது. மாத்திரை போட்டாகிவிட்டது என்ற தைரியத்தில் முகக்கவசத்தைக் கழற்றுவார். தடுப்பூசி வேண்டாம் என்பார். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகும் "மாத்திரை வேலை செய்யட்டும்" என்று இரண்டு நாள் காத்திருப்பார். அந்த இரண்டு நாள்தான் உயிர்.

நம் ஊருக்கு இதில் தனிக் கவலை உண்டு. நம் தாத்தாக்களின் நெஞ்சில் கல் தூசி இருக்கிறது. சிலிக்கோசிஸ். 1940 முதல் 1946 வரை நம் தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். 3,402 பேருக்கு அந்த நோய் இருந்தது. 100-க்கு 44 பேர்! அந்த நோயின் இருமலும் காசநோயின் இருமலும் ஒரே மாதிரி இருக்கும். காசநோய் இல்லாத சிலிக்கோசிஸ்காரருக்குக் காசநோய் மாத்திரை கொடுப்பது நம் நாட்டின் சுரங்க ஊர்களிலும் கல்குவாரிகளிலும் நடந்து வருகிறது. மாத்திரை நல்ல மாத்திரைதான். காசநோயைக் குணமாக்கும். கல் தூசியை என்ன செய்யும்? இருமல் நிற்காது. நோய்க்குச் சரியான பெயரும் கிடைக்காது. பெயர் கிடைக்காவிட்டால் நஷ்ட ஈடும் கிடைக்காது. ஏற்கெனவே கெட்டுப்போன நுரையீரல் உள்ளவருக்குக் கொரோனா வந்தால், வீட்டில் வைத்துப் பூச்சி மாத்திரை கொடுத்துப் பார்க்க நேரம் ஏது?

கொரோனா இப்போது அடங்கிவிட்டது. ஆனால் வைரஸ் காய்ச்சல்கள் அடங்கவில்லை. மழைக்காலம் வந்தால் டெங்கு வருகிறது, சிக்குன்குனியா வருகிறது. இரண்டுக்கும் வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் இல்லை. யாராவது "என்னிடம் இருக்கிறது" என்றால், எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டீர்களா என்று கேளுங்கள். டெங்குக் காய்ச்சலில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புரூபன் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம், ரத்தக் கசிவு வரும். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலியோ, தொடர்ந்து வாந்தியோ, ஈறில் ரத்தமோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2021-இல் வாங்கிய ஐவர்மெக்டின் அட்டை யார் வீட்டிலாவது இருந்தால், அதன் தேதி இந்நேரம் முடிந்திருக்கும். அட்டையின் ஓரத்தில் மாதமும் வருஷமும் எண்ணில் அச்சிட்டிருப்பார்கள். எண் படிக்க உங்களுக்குத் தெரியும். பார்த்துவிட்டு, குழந்தைகள் கைக்குப் போகாமல் அப்புறப்படுத்துங்கள்.

ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, பூச்சி மாத்திரையே கெட்டது என்று வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். அது வேறு மாத்திரை. வயிற்றுப் புழுவுக்கு என்றே கொடுப்பது. கொக்கிப் புழு குழந்தையின் ரத்தத்தைக் குடிக்கும். ரத்தம் குறைந்த பிள்ளை வகுப்பில் தூங்கி வழியும். மாத்திரை கொடுக்கிற நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாமல் அனுப்புங்கள். அன்றைக்குக் காய்ச்சலாக இருந்தால் மட்டும் டீச்சரிடம் சொல்லுங்கள். விட்டுப்போன பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கழித்து மறுபடியும் கொடுப்பார்கள்.

டீ வந்துவிட்டது. குடித்துக்கொண்டே கேள்வி கேட்கலாம். பின்னால் உட்கார்ந்திருக்கிற பாட்டி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். அவரில் இருந்து ஆரம்பிப்போம்.